பதின்மூன்றே முக்கால் வயதின் டைரி: அந்தச் சிரிப்பு எப்படி வேலை செய்கிறது?

விடலைப் பருவத்துப் பையனோ பெண்ணோ எழுதும் டைரி வடிவில் வந்த நகைச்சுவை நாவல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், சில கருத்துகள் தவறாமல் வந்து விழும். குழந்தைகள் புத்தகம் என்பார்கள். டைரி எழுதுகிறவன் ஒரு மண்டு, அவன் மண்டுத்தனத்துக்குத்தான் சிரிக்கிறோம் என்பார்கள். நாளொன்றுக்கு நாலு வரி கிறுக்கினால் போதும், கதைப்பின்னல் வேண்டாம், எழுதுவது சுலபம் என்றும் சொல்வார்கள்.

இந்த மூன்றுமே பிழை. இந்த வகை நாவலில் சிரிப்பு தானாக வருவதில்லை. பல சிறு உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கினால்தான் வரும். ஓர் உறுப்பு பிசகினால் சிரிப்பு நின்றுபோகும். அந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

## வாசலில் நிற்கும் கடன்காரர்

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய சிரிப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். கடன் கொடுத்தவர் வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டுப் பையன் கதவைத் திறந்து சொல்கிறான்: "அப்பா வீட்டில இல்லைன்னு அப்பா சொல்லச் சொன்னார்."

பையன் பொய் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த தகவலை ஒரு சொல் குறையாமல் ஒப்பித்துவிட்டான். அதன் பொருள் மட்டும் அவனுக்கு எட்டவில்லை. வாசலில் நிற்பவருக்கோ அரை நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா உள்ளே இருக்கிறார், ஒளிந்திருக்கிறார், பையனைத் தூது விட்டிருக்கிறார்.

இதில் மூன்று பேர் இருக்கிறார்கள். சொல்கிறவன், கேட்கிறவர், உள்ளே ஒளிந்திருப்பவர். டைரி நாவலில் சொல்கிற இடத்தில் டைரிக்காரனும், வாசலில் வாசகரும், உள்ளே அந்தப் பெரியவர்களின் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பையன் சொல்லிவிட்டுக் கண்ணடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சிரிப்பு அங்கேயே செத்துவிடும். அவனுக்குப் புரிந்துவிட்டது என்றால் அது வெறும் குறும்பு. புரியாமல் முழு நேர்மையோடு சொல்வதுதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

ஆகவே முதல் விதி இது: டைரி எழுதுகிறவர் ஜோக் சொல்லக் கூடாது. அவர் தன் வாழ்க்கையை மிகமிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

## லெஸ்டரிலிருந்து வந்த பையன்

இந்த வகைக்கு உலகம் முழுவதும் சுட்டிக்காட்டும் நூல் ஒன்று உண்டு: 'ஏட்ரியன் மோலின் ரகசிய டைரி, வயது 13¾'. எழுதியவர் சூ டவுன்சென்ட். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் 1946 ஏப்ரல் 2 அன்று பிறந்தவர், உழைக்கும் வர்க்கக் குடும்பத்துப் பெண். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டார். பல ஆண்டுகள் யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்துக்கொண்டிருந்தார். 1982 ஜனவரியில் பிபிசி வானொலி 4இல் இந்தப் பையன் முதலில் குரலாக வந்தான். அப்போது அவன் பெயர் நைஜல் மோல். அதே ஆண்டு அக்டோபரில் மெத்யூன் பதிப்பகம் நூலாக்கியபோது பெயர் ஏட்ரியன் ஆனது. நூல் வெளிவந்தபோது டவுன்சென்டுக்கு 36 வயது, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்த தாய்.

கடைசித் தகவலைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுப் பையனின் பேனாவைப் பிடித்திருப்பது, அந்தப் பையனின் அம்மா வயதில் இருக்கும் ஒருவர். பையனுக்குத் தெரியாதது எல்லாம் அவருக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் நாவல் முழுவதும் நடக்கிறது.

தலைப்பிலுள்ள முக்காலும் சும்மா வந்ததல்ல. டைரி 1981 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது. ஏட்ரியனின் பிறந்தநாள் ஏப்ரல் 2, எழுத்தாளரின் பிறந்தநாளேதான். கணக்குப் போட்டால் முதல் நாளில் அவனுக்கு ஒரே ஒரு நாள் குறையப் பதின்மூன்று வயதும் ஒன்பது மாதமும். நாற்பது வயதுக்காரர் யாரும் தன் வயதை நாற்பதே முக்கால் என்று சொல்வதில்லை. வளர்ந்துவிட வேண்டும் என்று தவிக்கிறவர்கள்தான் காலையும் அரையையும் எண்ணுகிறார்கள். இந்தப் பையன் எப்படிப்பட்டவன் என்பதை, முதல் பக்கத்தைத் திருப்பும் முன்பே அந்த ஒரு பின்னம் சொல்லிவிடுகிறது.

## பார்த்தது சரி, புரிந்துகொண்டது தப்பு

நாவலின் ஆரம்பத்திலேயே ஒரு பதிவு வருகிறது. இந்த வகையின் முழு வித்தையும் அந்தச் சில வரிகளுக்குள் அடக்கம்.

ஏட்ரியன் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருகிறான். சமையலறையில் பக்கத்து வீட்டு லூகாஸ், அம்மாவோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். அறை முழுக்க சிகரெட் புகை. இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், இவன் உள்ளே நுழைந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அடுத்த வீட்டில் லூகாஸின் மனைவி சாக்கடை சுத்தம் செய்துகொண்டிருக்கிறார், முகத்தில் கடுகடுப்பு. இதையெல்லாம் எழுதிவிட்டு ஏட்ரியன் ஒரு முடிவுக்கு வருகிறான்: லூகாஸ் தம்பதியின் இல்வாழ்க்கை சரியில்லை போலிருக்கிறது, பாவம் லூகாஸ்!

பையன் ஒரு தகவலைக்கூட விடவில்லை. காபி, புகை, நின்றுபோன சிரிப்பு, அடுத்த வீட்டுச் சாக்கடை, கடுகடுப்பு, எல்லாமே எழுத்தில் இருக்கின்றன. ஒரு துப்பறியும் அதிகாரிக்கு இவ்வளவு போதும். முடிவில்கூடப் பாதி சரி. அந்தத் தம்பதிக்குள் ஏதோ பிரச்சினைதான். ஆனால் இரக்கம் போய்ச் சேர்ந்திருப்பது தவறான ஆளிடம். வாசகர் இந்த இடத்திலேயே தெரிந்துகொள்வதை ஏட்ரியன் பல வாரங்கள் கழித்து, அம்மா லூகாஸோடு ஷெஃபீல்டுக்குப் போகும்போதுதான் தெரிந்துகொள்வான்.

இதற்கு இலக்கியத்தில் ஒரு பெயர் உண்டு: நாடக நகைமுரண். பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருப்பதால், பாத்திரம் சொல்லும் சொல்லுக்கு அவர் நினைக்காத இன்னொரு பொருள் ஏறிவிடுவது. மேடை நாடகத்திலும் சினிமாவிலும் இது நிறைய வரும். அங்கே பார்வையாளருக்குத் தகவலைக் காட்டித் தர வேறொரு காட்சி இருக்கும். டைரி நாவலில் அந்த வசதி கிடையாது. நமக்கு எல்லாத் தகவலையும் கொண்டுவருவது புரியாத அந்தப் பையன் ஒருவனே. தனக்குப் புரியாததை அவன் நமக்குப் புரிய வைக்க வேண்டும். இதில்தான் எழுத்தாளருக்குக் கஷ்டம்.

இப்படிச் சொல்கிறவரை விமர்சகர்கள் 'நம்பத்தகாத கதைசொல்லி' என்பார்கள். இந்தச் சொல் பலரைக் குழப்பிவிடுகிறது. கதைசொல்லி பொய் பேசுகிறவர் என்று நினைத்துவிடுகிறார்கள். அவசியமில்லை. அவர் தரும் தகவலை நம்பலாம், அதற்கு அவர் தரும் விளக்கத்தை நம்பக் கூடாது. ஏட்ரியன் பெரும்பாலும் இந்த ரகம்.

இதுவரை பார்த்தது இவ்வளவு: எழுதுகிறவர் உண்மையாகப் பார்க்கிறார், தீவிரமாக எழுதுகிறார், தப்பாகப் புரிந்துகொள்கிறார். சரியாகப் புரிந்துகொள்ளும் வேலை வாசகருடையது. சிரிப்பு பக்கத்தில் அச்சாகியிருக்கவில்லை. வாசகர் மனத்துக்குள் உண்டாகிறது.

## ஏன் டைரி? நினைவுக்குறிப்பு ஏன் கூடாது?

இதே பையன் முப்பது வயதில் உட்கார்ந்து, 'என் இளமைக்காலம்' என்று எழுதினால் இந்தச் சிரிப்பு வருமா? வராது. முப்பது வயதுக்காரனுக்கு முடிவு தெரியும். "அன்று அம்மா சிரித்ததன் காரணம் பிறகுதான் விளங்கியது" என்று எழுதிவிடுவான். அந்த ஒரு வாக்கியம் வாசகர் செய்ய வேண்டிய வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது.

டைரி எழுதுகிறவருக்கு நாளை தெரியாது. ஒவ்வொரு பதிவும் அன்றிரவின் அறிவோடு முடிந்துவிடுகிறது. காலையில் செய்த சபதத்தை மாலையில் உடைத்திருப்பார், இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றாது. நாம் முந்தின பக்கத்தையும் சேர்த்துப் படிக்கிறோம். அவர் மறந்தது நமக்கு நினைவிருக்கிறது.

இன்னொன்று, பதிவுக்கும் பதிவுக்கும் நடுவில் விழும் வெற்றிடம். செவ்வாய்க்கிழமை பெரிதாக ஒரு திட்டம் போடுகிறான். புதன் பதிவே இல்லை. வியாழனன்று ஒற்றை வரி: அந்தப் பேச்சு இனி வேண்டாம். நடந்தது என்ன என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நாம் கண்முன் பார்த்துவிட்டோம். வேறு எந்தக் கதை வடிவத்திலும் ஒன்றுமே எழுதாமல் ஒரு காட்சியை இவ்வளவு மலிவாக வாங்க முடியாது.

தேதி செய்யும் வேலையும் சின்னதல்ல. 1981 ஜூலை 29 என்று மேலே போட்டுவிட்டால் அது இளவரசர் சார்லஸ், டயானா திருமண நாள் என்று பிரிட்டிஷ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டுகளில் அங்கே வேலையின்மை ஏறிக்கொண்டே போனது. 1982 ஜனவரியில் வேலையில்லாதோர் எண்ணிக்கை முப்பது லட்சத்தைத் தாண்டியது. ஏட்ரியனின் அப்பா மின்சார ஹீட்டர் விற்கும் வேலையை இழக்கிறார். மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கால நாடு ஒன்று, ஒரு பையன் தன் முகப்பருவைப் பற்றி எழுதும் டைரியின் ஓரங்களில் முழுதாகத் தெரிகிறது. அதைக் காட்டுவதாக அவன் நினைக்கவே இல்லை. பொருளாதாரக் கட்டுரைகள் பழசாகிவிட்டன, இந்த டைரி இன்னும் அப்படியே இருக்கிறது.

## பருவும் போரும் ஒரே எடை

டைரியில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம்தான். தாடையில் வந்த பருவுக்கு இரண்டு வரி, அப்பா அம்மா பிரிவுக்கும் இரண்டு வரி. பெரியவர்கள் எழுதும் கதையில் பெரியது முன்னால் வரும், சின்னது பின்னால் ஒதுங்கும். விடலைப் பருவத்தில் அந்த வரிசை இன்னும் உருவாகவில்லை. அந்த வயதில் பருவும் உண்மையிலேயே பேரிடர்தான். அதைச் சிறுமைப்படுத்தாமல் எழுதத் தெரிந்தவர்களுக்கே இந்த வடிவம் கைவரும்.

முதல் நூலின் கடைசிப் பக்கங்களில் இது உச்சத்துக்குப் போகிறது. 1982 ஏப்ரல் 2 அன்று அர்ஜென்டீனா, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளுக்குள் படை இறக்கியது. செய்தி கேட்ட ஏட்ரியன் அப்பாவை எழுப்புகிறான். அந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைத்து அப்பா படுக்கையிலிருந்து துள்ளி எழுகிறார். எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் என்று தெரிந்ததும் திரும்பப் போர்வைக்குள் போய்விடுகிறார். வரைபடத்தில் தீவுகளைக் காணோம் என்று தேடினால், அவை ஒரு கேக் துணுக்குக்கு அடியில் மறைந்திருக்கின்றன. அதே பக்கங்களில் ஏட்ரியன் பசையை முகர்ந்து பார்க்கப்போய், மூக்கில் பொம்மை விமானம் ஒட்டிக்கொள்கிறது. போரும் மூக்கும் ஒரே பதிவில். எது பெரியது என்று பையன் சொல்வதே இல்லை.

சின்ன விஷயங்களை நாள்கணக்கில் இழுக்கும் கலையும் இதோடு சேர்ந்தது. ஏட்ரியனின் அறைச் சுவரில் நாடி என்ற குழந்தைக் கதாபாத்திரத்தின் படம் போட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது. இந்த வயதில் இது அவமானம் என்று கறுப்புப் பெயின்ட் அடிக்கிறான். இரண்டு பூச்சு ஆகியும் நாடி தெரிகிறான். மூன்றாம் பூச்சுக்குப் பிறகும் தொப்பி தெரிகிறது. கடைசியில் தொப்பியிலுள்ள மணிகளை ஒவ்வொன்றாகக் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழிக்கிறான்; இன்று 69 முடிந்தது, இன்னும் 124 இருக்கிறது என்று கணக்கு எழுதுகிறான்.

ஒரே பத்தியில் சொல்லியிருந்தால் இது சாதாரணத் துணுக்கு. நாளுக்கு ஒரு வரியாகப் பல நாட்களுக்குப் பிரித்து வைத்ததால், ஒவ்வொரு நாளும் வாசகர் சுவரைப் பற்றிக் கேட்க ஆரம்பிக்கிறார். அந்த எண்கள்தான் உயிர். 'நிறைய மணிகள்' என்று எழுதியிருந்தால் ஒன்றுமில்லை. குழந்தைப் பருவத்தை மூடி மறைக்கப் பார்க்கிற பையனுக்கு அது பெயின்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்பதை எழுத்தாளர் ஓரிடத்திலும் விளக்கவில்லை.

## பேதைமையா, மடனா?

'பையன் மண்டு, அதனால் சிரிக்கிறோம்' என்ற கருத்துக்கு வருவோம். இதைத் தெளிவாகப் பிரித்துச் சொல்ல, வெளியே எங்கும் போக வேண்டாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் ஒரு நூற்பா இருக்கிறது:

எள்ளல் இளமை பேதைமை மடன்என்று
உள்ளப் பட்ட நகைநான்கு என்ப.

நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு. எள்ளல் என்பது இகழ்ச்சி. இளமை, இளவயதின் இயல்பு. பேதைமை, அறியாமை. நான்காவதான மடன்தான் நமக்கு இங்கே முக்கியம். மடன், அதாவது மடம் என்பதற்கு உரையாசிரியர்கள் தரும் விளக்கம்: கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை. அதாவது ஒருவர் சொல்லித் தந்ததைப் பிடித்துக்கொண்டு, பிடித்ததை விடாமல் இருப்பது.

பேதைமைக்கு மருந்து உண்டு, சொல்லிக் கொடுத்தால் போய்விடும். அதை மட்டும் வைத்து ஒரு பக்கம் சிரிக்க வைக்கலாம், ஒரு நாவல் எழுத முடியாது. மடனுக்கு மருந்து கிடையாது. ஏட்ரியனுக்கு ஒரு நாள் தொலைக்காட்சியில் மால்கம் மகரிஜ் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் பேசுவதைக் கேட்டு, கிட்டத்தட்ட எல்லாச் சொற்களும் புரிந்துவிடுகின்றன. அந்த நொடியில் தான் ஓர் அறிவுஜீவி என்று முடிவுகட்டிவிடுகிறான். சரியில்லாத வீடு, சத்தில்லாத சாப்பாடு, பங்க் இசை பிடிக்காதது என்று அதற்கு ஆதாரங்களும் அடுக்குகிறான். பிறகு நடப்பது எல்லாம் அந்தப் பிடிக்குள்ளேயே நடக்கிறது. கவிதைகளை பிபிசிக்கு அனுப்புகிறான். மரியாதையான மறுப்புக் கடிதம் வந்தால் அதில் ஊக்கத்தைக் கண்டுபிடிக்கிறான்.

அவன் அறிவில்லாதவன் அல்ல. நிறையப் படிக்கிறான், கூர்ந்து கவனிக்கிறான், எண்ணிக்கை தப்புவதில்லை. தன்னைப் பற்றிய ஒரு கற்பனையை விட மறுக்கிறான், அவ்வளவுதான். அந்தக் கற்பனைதான் உடைந்துகொண்டிருக்கும் அந்த வீட்டில் அவனைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை வாசகர் உணரும்போது, சிரிப்போடு வேறொன்றும் கலந்துவிடுகிறது.

நான்கில் எள்ளல் இங்கே மிகக் குறைவு என்பதையும் கவனியுங்கள். எழுத்தாளர் தன் பையனை இகழ்வதில்லை. அவர் எள்ளும் இடங்கள் வேறு: பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர், அவனைக் கைவிடும் நிர்வாகம், வர்க்க வித்தியாசம். பையனையே எள்ளி எழுதப்பட்ட போலிகள் நிறைய வந்தன. பத்துப் பக்கத்துக்கு மேல் அவற்றில் மனம் ஒட்டாது.

சுருக்கமாக: தெரியாததால் வரும் சிரிப்பு ஒரு பதிவோடு தீர்ந்துபோகும். பிடித்ததை விடாததால் வரும் சிரிப்பு ஆண்டுகள் கடந்தும் நிற்கும். ஏட்ரியனின் டைரிகள் 2009 வரை தொடர்ந்து வந்ததற்கு அந்தப் பிடிவாதமே முதல்.

## உறவுக்காரர்கள்

இந்த வித்தை 1982இல் பிறந்ததல்ல. ஜார்ஜ், வீடன் கிராஸ்மித் சகோதரர்கள் 1888-89இல் 'பஞ்ச்' இதழில் தொடராக எழுதி 1892இல் நூலாக்கிய 'ஒரு சாமானியனின் டைரி' இதன் மூத்த உறவு. அதில் டைரி எழுதும் பூட்டர் விடலையல்ல, லண்டன் அலுவலக எழுத்தர். தன் கௌரவத்தைப் பற்றி அவருக்கிருக்கும் தீவிரம் மட்டும் ஏட்ரியனுடையதேதான். அவரும் பெயின்ட் பிரியர். குளியல் தொட்டிக்குச் சிவப்பு எனாமல் அடித்துவிட்டு, பின்னொரு நாள் கொதிக்கும் வெந்நீரில் இறங்குகிறார். சாயம் கரைந்து கையெல்லாம் சிவக்க, ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று பதறுகிறார்.

1999இல் வந்த லூயீஸ் ரெனிசனின் ஜார்ஜியா நிக்கல்சன் வேறு ரகம். பதினான்கு வயதுப் பெண்ணான அவளுக்குத் தான் வேடிக்கையாக எழுதுகிறோம் என்று தெரியும். நாம் முதலில் சொன்ன விதியை அவள் மீறுகிறாள், இருந்தும் சிரிப்பு வருகிறது. காரணம் நேரக்குறிப்பு. ஒரே மாலையில் மணி போட்டு மணி போட்டுப் பல துண்டுகள் எழுதுகிறாள். இனி அவனை நினைக்கவே மாட்டேன் என்ற தொனியில் ஒரு துண்டு முடியும். இரண்டு நிமிடத்துக்குப் பிந்திய துண்டில் நினைப்பு திரும்பியிருக்கும். உலகத்தை நன்றாகப் புரிந்துகொண்ட அவளுக்குத் தன் மனசு எப்போது மாறியது என்பது மட்டும் தெரியாமல் போகிறது.

ஜெஃப் கின்னியின் 'டைரி ஆஃப் எ விம்பி கிட்' நாயகன் கிரெக் ஹெஃப்லி 2004இல் இணையத்திலும் 2007இல் நூலாகவும் வந்தான். இங்கே எழுத்துக்குப் பக்கத்தில் கோட்டோவியம். கிரெக் எழுத்தில் தன்னை நியாயவான் என்கிறான், படம் வேறொன்றைக் காட்டிவிடுகிறது. ஏட்ரியனிடம் வாசகர் ஊகித்தது இங்கே கண்ணுக்கே தெரிகிறது. அதனால்தான் எட்டு வயதுக் குழந்தைகளும் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கிரெக் ஏட்ரியனைவிட ஈரமில்லாத பாத்திரம். ஒரு குச்சியில் புழுவை வைத்துக்கொண்டு மழலையர் வகுப்புக் குழந்தைகளை விரட்டுகிறான், பழி நண்பன் ரவுலி மேல் விழுகிறது. கிரெக் நெடுநேரம் மனசாட்சியோடு போராடி, பழியை நண்பனே ஏற்றுக்கொள்வதுதான் சரி என்று முடிவெடுக்கிறான். ஏட்ரியன் உலகத்தைத் தப்பாகப் படிக்கிறான். கிரெக் தன்னையே தப்பாகப் படிக்கிறான்.

## ஒரே நிகழ்ச்சி, இரண்டு விதம்

இந்தப் பொறி எங்கே பழுதாகும் என்று தெரிந்துகொள்ள, ஒரு பதிவை இரண்டு முறை எழுதிப் பார்ப்பதே நல்ல வழி. நிகழ்ச்சி எளியது: அக்காவுக்குக் காதல், தம்பி டைரி எழுதுகிறான். முதல் வடிவம்:

"அக்கா தினமும் சாயங்காலம் லைப்ரரிக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு யாரையோ பார்க்கப் போகிறாள். எனக்குத் தெரியாதாக்கும்! அப்பா, அதாவது அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் கண்டிப்பான என் அப்பா, கேள்விப்பட்டால் வீடு ரெண்டாகிவிடும். ஹா ஹா!"

இதில் மூன்று பழுது. தம்பிக்கு எல்லாம் தெரிந்துவிட்டதால் நமக்கு வேலையில்லை. தன் அப்பா யார் என்று எவரும் தன் டைரிக்கு அறிமுகம் செய்வதில்லை. அங்கே எழுத்தாளர் தலை நீட்டிவிட்டார். கடைசியில் அவனே சிரித்துவிட்டான், பிறகு நாம் எதற்கு? இரண்டாம் வடிவம்:

"அக்காவுக்குத் திடீரென்று படிப்பில் அக்கறை வந்துவிட்டது. தினமும் ஐந்து மணிக்கு முகம் கழுவி, தலை சீவி, புது வளையல் போட்டுக்கொண்டு லைப்ரரிக்குக் கிளம்புகிறாள். இன்று லைப்ரரி விடுமுறை என்று வாசலில் போர்டு தொங்கியதைச் சாப்பிடும்போது சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது. வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நான் படிப்பதைப் பார்த்துத்தான் அவளுக்கு இந்த ஆசை வந்திருக்க வேண்டும். நாளையிலிருந்து துணைக்கு நானும் போகிறேன்."

அக்காவின் காதல் பற்றி ஒரு சொல் இல்லை. வளையல், போர்டு, சிவந்த முகம் என்று மூன்று தடயங்கள் மட்டும். ஒன்றிருந்தால் வாசகர் தவறவிடலாம், ஐந்திருந்தால் தம்பிக்குப் புரியாதது நம்பும்படி இருக்காது. இரண்டு மூன்று சரியான அளவு. அடுத்து தவறான காரணம் ஒன்று (வெயில்), தன்னைப் பற்றிய பெருமை ஒன்று (என்னைப் பார்த்துத்தான்). கடைசி வரி நாளைக்கு ஒரு கண்ணி வைத்துவிட்டது. பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதலில் வீட்டில் உண்மையில் நடப்பது என்ன என்று டைரிக்கு வெளியே தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள், தேதியோடு. டைரிக்காரருக்கு அதில் எந்தெந்தப் பகுதி கண்ணில் படும் என்று குறியுங்கள். அவர் விடாமல் பிடித்திருக்கும் ஒரே கற்பனை எது என்று ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்; அறிவுஜீவி, தியாகி, யாருக்கும் புரியாத கலைஞன், ஏதாவது ஒன்று. அதன்பிறகுதான் பதிவுகள். சுவர், பரு, மறுப்புக் கடிதம் மாதிரி மூன்று நான்கு சிறு இழைகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வரவிடுங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள் இன்னும் சில. பக்கம்பக்கமாக உரையாடல் எழுதுவது: டைரியில் யாரும் பேச்சை அப்படியே இறக்கி வைப்பதில்லை, நெஞ்சில் தைத்த ஒரு வாக்கியத்தைத்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு பதிவையும் வெடிச்சிரிப்போடு முடிப்பது: நான்கில் ஒன்று வெறுமனே வானிலையைச் சொல்லி முடிந்தால்தான் மற்ற மூன்றும் நம்பும்படி இருக்கும். பக்கத்துக்கு இருபது நாகரிகக் கொச்சைச் சொல்லைத் தூவுவது: ஐந்து ஆண்டில் புளித்துவிடும். ஏட்ரியன் தன் வயதுக்குப் பொருந்தாத கனத்த மொழியில் எழுதுகிறான், அந்த மொழி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழசாகவில்லை.

## யாருக்கான புத்தகம்?

பதின்மூன்று வயதில் படிக்கிறவருக்கு ஏட்ரியன் சொல்வது பெரும்பாலும் நியாயமாகவே படும். பருவும் பள்ளிக்கூடத்து ரவுடி பாரி கென்டும் பண்டோரா மேல் காதலும் அவருக்குத் தெரிந்த உலகம். லூகாஸ் விஷயம் பாதி புரியும், பாதி நழுவும். தன்னைப் போலவே குழம்பிய ஒருவன் அதை வெட்கப்படாமல் எழுதி வைத்திருக்கிறான் என்ற ஆறுதல் அந்த வயதுக்குப் பெரியது.

இருபத்தைந்தில் திரும்ப எடுத்தால், ஏட்ரியன் சொல்வதற்கும் நடப்பதற்கும் நடுவிலுள்ள இடைவெளி முழுதாகத் திறக்கும். அதிகம் சிரிக்கும் வாசிப்பு இதுதான்.

பிள்ளை பெற்றபின் எடுத்தால் புத்தகம் இடம் மாறிவிடுகிறது. கண் பையனை விட்டு அம்மாவிடம் போகிறது. வேலைபோன கணவனோடு, படிக்க ஆசைப்பட்டு, தப்பிக்க வழி தேடும் ஒரு பெண் அந்தப் பக்கங்களில் முழுதாக இருக்கிறாள். மகன் அவளை எரிச்சலோடு எழுதி வைத்திருந்தாலும் அவள் இருக்கிறாள். அப்பாவின் சோர்வும் தெரிய ஆரம்பிக்கும். புகை நிறைந்த அந்தச் சமையலறைப் பதிவுக்குத் திரும்பிப் போனால், இதுவரை கவனிக்காத இன்னொருவரும் அங்கே தென்படுவார். சிரிப்பில் கலந்துகொள்ளாமல், அடுத்த வீட்டில் தனியாகச் சாக்கடையைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் திருமதி லூகாஸ். பதினான்கு வயதுகூட நிரம்பாத பையன் அவருக்குக் கொடுத்திருப்பது இரண்டே வரி.